சுற்றும் படத்துக்கு ஒரு நிறுத்தப் பொத்தான் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடிங் தெரியாமலேயே வலைப்பக்கம் செய்வது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எடிட்டரில் கூட்டல் குறியை அழுத்தி, அக்கார்டியனோ (தலைப்பை அழுத்தினால் விரியும் பெட்டி) ஸ்லைடரோ (தானாகச் சுற்றும் படவரிசை) ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் பக்கம் தயார் என்கிறது கட்டுரை. யாருக்குத் தயார்? பிறர் உருவாக்கும் பக்கங்களை வெளியிடும் முன் சரிபார்ப்பதுதான் என் அன்றாட வேலை. அதனால் சில வார்த்தைகள்.

இவை போன்ற ரெடிமேட் விட்ஜெட்டுகளுக்கு நான் எதிரி இல்லை. வலைதளம் அமைக்கும் மென்பொருளான வேர்ட்பிரஸ், 2018 டிசம்பரில் தன் 5.0 பதிப்பில் பிளாக் எடிட்டரோடு (பத்தி, படம், பட்டன் என ஒவ்வொன்றையும் தனித் துண்டாகச் சேர்க்கும் எடிட்டர்) வந்ததற்கு முன்னால், ஒரு பட்டன் வைப்பதற்குக்கூடப் பலர் விஷயம் தெரிந்தவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. நார்வேயில் உருவான ஹெச்5பி போன்ற கருவி கையில் இருந்தால், ஓர் ஆசிரியர் தன் பாட வீடியோவின் நடுவே தானே ஒரு கேள்வியைச் செருகிவிடலாம். மாணவர் பதில் சொல்கிறார், சரியா தவறா என்று உடனே தெரிகிறது. அங்கே விட்ஜெட்டுக்கு வேலை இருக்கிறது.

என் மேஜைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை இப்படி இல்லை. வெறும் எழுத்தை ஒளித்து வைக்கத்தான் விட்ஜெட் போடுகிறார்கள். விண்ணப்பிப்பது எப்படி என்று விளக்கும் பக்கம் ஒன்று வந்தது. தகுதி, ஆவணங்கள், கட்டணம், கடைசி தேதி என நான்கு அக்கார்டியன்கள், நான்கும் மூடியபடி. பார்க்க அடக்கமாக, அழகாகத்தான் இருந்தது. பிரிண்ட் கொடுத்தேன். தாளில் வந்தது நான்கு தலைப்புகளும் நான்கு கூட்டல் குறிகளும் மட்டும்! பக்கத்துக்குள் தேடிப் பார்த்தால் மூடிய பெட்டிக்குள் இருந்த தேதி அகப்படவில்லை. விண்ணப்பிக்க வருகிறவர் நான்கையும் திறந்தே ஆக வேண்டும். அப்புறம் எதற்கு மூடி வைப்பது? துணைத்தலைப்பு போட்டு வரிசையாக எழுதியிருந்தால் போதும்.

என் சக ஊழியர் ஒருவருக்குப் பார்வை இல்லை. ஸ்க்ரீன் ரீடர் வாசிப்பதைக் கேட்டுத்தான் வேலை பார்க்கிறார். சில அக்கார்டியன்களில் அந்தக் கூட்டல் குறி உண்மையான பட்டனே இல்லை; மவுஸ் கிளிக்குக்கு மட்டும் மசியும் ஒரு கட்டம். கீபோர்டில் டேப் விசையை அழுத்திக்கொண்டே போனால் அதில் நிற்காமல் தாண்டிவிடும். அவர் காதில் தலைப்பு விழும், அது திறக்கக்கூடியது என்ற தகவல் விழாது. “தலைப்பு சரி, விஷயம் எங்கே?” என்று கேட்பார்.

பார்ப்பதற்கு ஏறக்குறைய இதே மாதிரி இருக்கும் இன்னொன்று உண்டு. வலைப்பக்கங்களை எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லிலேயே உள்ள ‘டீடெய்ல்ஸ்’. திறப்பது, மூடுவது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்று ஸ்க்ரீன் ரீடருக்குச் சொல்வது எல்லாவற்றையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் வந்த வேர்ட்பிரஸ் 6.3 முதல் இது ஒரு பிளாக்காகவே கிடைக்கிறது. எடிட்டரின் பட்டியலில் இரண்டும் அக்கம்பக்கத்தில் இருந்தால் புதிதாக வருகிறவருக்கு வித்தியாசம் தெரியாது. கட்டுரை அதைச் சொல்லியிருக்கலாம். மவுஸைத் தள்ளி வைத்துவிட்டு, டேப், என்டர், ஸ்பேஸ் விசைகளால் மட்டும் பக்கத்தை ஒரு முறை கடந்து பாருங்கள் என்று ஒரு வரி சேர்த்திருந்தாலே பாதிப் பிரச்சினை வெளியே வந்திருக்கும்.

ஸ்லைடரைப் பற்றிக் கட்டுரையாளர் மிகவும் சிலாகித்திருக்கிறார். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல்தன்மை வழிகாட்டி இதில் தெளிவாக இருக்கிறது: மற்ற உள்ளடக்கத்தின் அருகே ஏதாவது தானாக நகரத் தொடங்கி 5 விநாடிக்கு மேல் நகர்ந்துகொண்டிருந்தால், அதை இடைநிறுத்தவோ நிறுத்தவோ மறைக்கவோ வாசகருக்கு வழி இருக்க வேண்டும். மெதுவாகப் படிப்பவர்கள், அசையும் பொருளால் கவனம் சிதறுபவர்கள் எல்லோரையும் நினைத்து எழுதிய விதி அது.

தங்கள் இணையதள முகப்பிலும் தலைப்புச் செய்திகள் இப்படித்தான் சுற்றுகின்றன. ஒரு செய்தியைத் தொட விரலைக் கொண்டுபோவதற்குள் அது நகர்ந்து வேறொன்று வந்துவிடுகிறது; திறப்பது நான் கேட்காத செய்தி. நிறுத்தப் பொத்தானைத் தேடினேன், கிடைக்கவில்லை. அதை வைக்கச் சொல்லித் தங்கள் இணையப் பிரிவுக்கு இந்தக் கடிதத்தை அனுப்பி வைத்தால் நன்றியுடையவளாவேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி