இல்லத்தில் விட்டு வந்தவர்களையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மறதி நோய் வந்த அம்மாவை ஆறு வருடம் வீட்டில் வைத்துப் பார்த்தேன். நடுராத்திரியில் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்குப் போக ஆரம்பித்த பிறகுதான், ஆரியங்காவு தாண்டி, கேரளத்தில் புனலூர்ப் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தோம். செங்கோட்டையில் எங்கள் தெருவில் இதற்குப் பெயர் ‘பெத்தவளைக் கொண்டு தள்ளிட்டா’. சரி, ஊர் வாய். ஆனால் இப்போதும் இரவு இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது; கை தானாகத் தாழ்ப்பாளைத் தடவுகிறது.

படுக்கையில் கிடப்பவரை வீட்டிலேயே கவனிப்பவருக்குக் கேரள அரசு ‘ஆஸ்வாசகிரணம்’ திட்டத்தில் மாதம் 600 ரூபாய் தருகிறது. மறதி நோயாளிகளுக்கான இந்திய அல்சைமர் சங்கம் 1992-இல் பிறந்ததும் அங்கேதான். இல்லத்தில் விட்டு வந்த என்னை மட்டும் ‘நீ எப்படி இருக்கே?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

சேர்த்த முதல் மாதமாவது, சாப்பிட்டாரா தூங்கினாரா என்று இல்லத்திலிருந்து தினம் ஒரு போன் வரலாம். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும், மலையாளம் புரியாது. எல்லையோர இல்லங்களில் தமிழ் பேசும் ஒருவர் இருந்தால் பாதிக் கவலை குறையும். அப்புறம், தென்காசி அரசு மருத்துவமனையில் எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து பேச ஓர் அறை, கூடவே மனநல ஆலோசகர் ஒருவர். சுகாதாரத் துறைக்கு இது பெரிய செலவா என்ன?

– ஒரு வாசகி, செங்கோட்டை