வண்டலூரில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மாதம் ஒரு காலை நடை வேண்டி மனு

அனுப்புநர்
ஓர் அறிவியல் ஆசிரியை,
ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி,
செங்கல்பட்டு மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா,
வண்டலூர், சென்னை – 600 048.

பொருள்: பூங்கா திறக்கும் நேரத்துக்கு முன்பு, மாதம் ஒரு நாள் அரசுப் பள்ளி மாணவர்கள் நடந்து பார்க்க அனுமதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். நான் செங்கல்பட்டுப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்கு அறிவியல் எடுக்கிறேன். வருடம் தவறாமல் பிள்ளைகளை வண்டலூருக்குக் கூட்டி வருகிறேன். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மின்சார ரயிலில் ஏறுவதே அன்றைக்குத்தான் முதல் தடவை. புலியைப் பார்ப்பதும் அப்படியே.

யார் மீதும் குறை சொல்ல இந்த மனுவை எழுதவில்லை. என்னுடைய வேண்டுகோள் ஒன்றுதான். மாதத்தில் ஒரு நாள், காலை 9 மணிக்குப் பூங்கா திறப்பதற்கு முந்தைய இரண்டு மணி நேரம், அரசுப் பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேர் மட்டும் சத்தமில்லாமல் நடந்து பார்க்க அனுமதி தர வேண்டும்.

ஏன் காலையில் என்று கேட்பீர்கள். அதற்குப் போன தடவை நடந்ததைச் சொல்ல வேண்டும்.

ஊரிலிருந்து கிளம்பி, ரயில் பிடித்து, வரிசையில் நின்று, தலை எண்ணி, கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தில் கொஞ்சம் சாப்பிட வைத்து, வெள்ளைப் புலி இருக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தபோது மணி பதினொன்றரை. அகழிக்கு அந்தப் பக்கம் மர நிழலில் அது ஒருக்களித்துப் படுத்திருந்தது. இந்தப் பக்கம் நூறு பேருக்குக் குறையாத கூட்டம். ஒருவர் கை தட்டினார். இன்னொருவர் விசிலடித்தார். தோளில் குழந்தையைத் தூக்கி வைத்திருந்த ஓர் அப்பா, காலித் தண்ணீர் பாட்டிலால் கம்பியில் தட்டிக்கொண்டே இருந்தார். புலி கண்ணைத் திறக்கவில்லை. ஆனால் அதன் காது மட்டும் சத்தம் வந்த பக்கமெல்லாம் திரும்பியது. கைதட்டலுக்கு ஒரு பக்கம், விசிலுக்கு இன்னொரு பக்கம். நான் அந்தக் காதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அங்கிருந்த காவலர் பொறுமையானவர். எல்லோரையும் அமைதியாக இருக்கச் சொன்னார், அமைதியாக இருந்தார்கள். அவர் அடுத்த இடத்துக்குப் போனதும் மறுபடி ஆரம்பித்தது. அத்தனை கூட்டத்துக்கு ஒருவர் என்ன செய்ய முடியும்? விசிலடித்தவர்களில் எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் இருந்தார்கள் என்பதை மறைக்க மாட்டேன்.

திரும்பும்போது ரயிலில் அதில் ஒருவனைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டேன். கெட்ட பையன் இல்லை. வீட்டில் ஆடு மேய்க்கிறவன். குட்டி போட்ட ஆட்டைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று எனக்கே சொல்லிக் கொடுத்தவன். "அது தூங்கிக்கிட்டே இருந்துச்சு டீச்சர். இவ்ளோ தூரம் வந்துட்டுப் பாக்காமப் போறதா?" என்றான்.

அவன் சொன்னது என் மனதை விட்டுப் போகவில்லை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன் 38ஜே பிரிவு, உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதையும், அவற்றுக்குத் தீனி போடுவதையும், சத்தம் போட்டுத் தொந்தரவு செய்வதையும் தடை செய்கிறது. வகுப்பில் அதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத்தான் கூட்டி வந்தேன். சட்டம் தெரிந்த பிள்ளையே விசிலடித்தான் என்றால், அவனிடம் இருந்தது ஏமாற்றம். அவன் வந்த நேரத்தில் புலி தூங்கும். விடியலும் அந்தியும்தான் அது நடமாடும் பொழுது. நடுப்பகல் வெயிலில் நிழல் பார்த்துப் படுப்பது அதன் இயல்பு. நம் ஊர் மாடுகூட அந்த நேரத்தில் மரத்தடியில்தான் அசை போடும்.

இந்தப் பூங்காவின் வரலாறே என் கோரிக்கைக்குத் துணை நிற்கிறது. 1855-ல் எட்வர்ட் கிரீன் பால்ஃபர் எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கியது, பிறகு பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. என் அப்பா சிறுவயதில் மூர் மார்க்கெட் பக்கம் இருந்த அந்தப் பழைய ஜூவில் சிங்கம் பார்த்தவர். கம்பிக் கூண்டுக்குள் நாலடி நடந்து, திரும்பி, மறுபடி நாலடி நடக்கும் என்பார். நகரத்து நெருக்கடியில் விலங்குகள் படும் பாட்டைப் பார்த்துத்தானே 1979-ல் வண்டலூர் காப்புக்காட்டில் இடம் ஒதுக்கினார்கள்? 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்த இந்தப் பூங்கா இன்று 602 ஹெக்டேர். கூண்டுக்குப் பதில் அகழி, சிமெண்ட் தரைக்குப் பதில் புதர்க்காடு. விலங்குக்கு ஏற்ற மாதிரி இடத்தை மாற்றினோம். பார்க்கிற நேரத்தையும் கொஞ்சம் மாற்றித் தாருங்கள் என்றுதான் கேட்கிறேன். சிங்கப்பூரில் 1994-ல் இரவு விலங்குகளுக்கென்றே ஒரு பூங்காவை ராத்திரி நேரத்தில் திறந்தார்கள். நான் கேட்பது மாதத்துக்கு ஒரு காலை.

அதே பயணத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடைசி வரிசைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் காட்டுமாடு இருக்கும் இடத்தில் பின்தங்கிவிட்டார்கள். தேடிக்கொண்டு திரும்பிப் போனால், பசுந்தீவனக் கட்டோடு வந்த ஒரு கீப்பரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பெண் கேட்டாள், "அண்ணா, எருமைக்கு ஏன் கால் மட்டும் வெள்ளையா இருக்கு?" நாமெல்லாம் காட்டெருமை காட்டெருமை என்றே சொல்லிப் பழகிவிட்டோம் இல்லையா. அவர் சிரித்துவிட்டு, "இது எருமை இல்லம்மா, மாட்டு வகை. கால்ல சாக்ஸ் போட்ட மாதிரி இருக்குல்ல, அதை வெச்சே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்" என்றார். அப்புறம் அது எதைத் தின்னும், எதை ஒதுக்கும், கோபம் வந்தால் மூச்சு எப்படி விடும் என்று ஐந்து நிமிடம் பேசியிருப்பார். ஒரு பிள்ளை வாய் திறக்கவில்லை. அந்தப் பெரிய கிடா தலையைத் தூக்கி, காதை விசிறிவிட்டு, மறுபடி தின்ன ஆரம்பித்தது. அது மெல்லும் சத்தம் எங்களுக்குக் கேட்டது.

சங்கப் பாட்டில் 'ஆமா' என்று வருவது இந்த மாடுதான் என்று மறுநாள் வகுப்பில் சொன்னேன். எட்டு பேர் கண்ணும் மின்னியது. மற்ற பிள்ளைகளுக்கு அது வெறும் பாடம். அந்த ஐந்து நிமிடம் நாற்பது பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டும். பகல் கூட்டத்தில் கீப்பருக்கு அதற்கு நேரம் இருக்காது.

இதில் உள்ள சிரமங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. புலி, சிங்கம், சிறுத்தை போன்றவை இரவில் உள்கூண்டில் இருக்கும், காலையில் சுத்தம் செய்து, உடல்நிலை பார்த்து, பிறகுதான் திறந்துவிடுவார்கள். அந்த வேலைக்கு நடுவில் நாங்கள் வந்து நிற்க விரும்பவில்லை. எந்தப் பாதையில், எத்தனை மணிக்கு என்பதைப் பூங்காவே முடிவு செய்யட்டும். புலி கண்ணில் படாவிட்டாலும் பரவாயில்லை. மான்களும் குரங்குகளும் பறவைகளும் போதும். மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே சொந்தமான சோலைமந்தியையும் கருமந்தியையும் காலை வெளிச்சத்தில் பார்த்தால் போதும். மழை நன்றாகப் பெய்த வருடமென்றால் ஓட்டேரி ஏரிக் கரையில் கொக்கும் நாரையும் நீர்க்காகமும் வந்து உட்கார்ந்திருக்கும். வலசை வந்த பறவைகளும் இருக்கும். அதை அரை மணி நேரம் நின்று பார்த்தாலே ஒரு பருவத்துப் பாடம் நடத்தின மாதிரி.

நடந்தே பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. பேட்டரி கார் முதியவர்களுக்கும் நடக்க முடியாதவர்களுக்கும் பெரிய உதவி, அது இருக்க வேண்டும். ஆனால் கிராமத்துப் பிள்ளைகளுக்கு நடை ஒரு பாரம் அல்ல. நடக்கும்போதுதான் குளம்புத் தடத்தைப் பார்ப்பார்கள், எச்சத்தைப் பார்ப்பார்கள், கறையான் புற்றுப் பக்கத்தில் குனிவார்கள். 2016 டிசம்பரில் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்த பிறகு, அடுத்த வருடம் பிள்ளைகளோடு இதே பாதையில் வந்தேன். நிழலில்லாமல் மதியம் நடக்க முடியவில்லை, பாதியில் திரும்பினோம். இப்போது மரங்கள் தலைதூக்கி நிற்கின்றன. காலையில் அந்த நிழலில் நடப்பது எவ்வளவு சுகமாக இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

எங்கள் பக்கத்தில் செய்யக்கூடியதையும் சொல்லிவிடுகிறேன். பத்துப் பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் வருவோம். பாதையை விட்டு யாரும் இறங்க மாட்டார்கள். அது காட்டு நிலம், காலை நேரத்தில் பாம்பு இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். நெகிழிப் பை, பாக்கெட் தீனி எதுவும் வராது, மஞ்சப்பையும் தண்ணீருக்கு எவர்சில்வர் குப்பியும் மட்டும்தான். நடைக்கு முந்தைய வாரம் ஆசிரியர்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்தால், பிள்ளைகளைத் தயார் செய்வது எங்கள் பொறுப்பு. விடிவதற்கு முன்பே கிளம்ப வேண்டியிருக்கும் என்று பெற்றோர் கூட்டத்தில் சொல்லிக் கேட்டுவிட்டேன். யாரும் மறுக்கவில்லை. ஓர் அம்மா, கூடவே தானும் வரலாமா என்று கேட்டார்.

செவ்வாய்க்கிழமை வேண்டாம். அது விலங்குகளுக்கான விடுமுறை, அதில் கை வைக்கக் கூடாது. ஜூலை தொடங்கிப் பிப்ரவரி வரை, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வையும் ஜனவரியில் பொங்கல் கூட்டத்தையும் கழித்துவிட்டால், வருடத்துக்கு ஆறு காலைகள்தான் வரும். 240 பிள்ளைகள். எங்கள் பள்ளி மட்டும் என்று நான் கேட்கவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகம் வழியாக, ஒவ்வொரு மாதமும் வேறொரு பள்ளியைத் தேர்ந்தெடுக்கலாம். எங்கள் முறை கடைசியில் வந்தாலும் சரி.

எனவே, முதலில் ஒரே ஒரு காலை நடையைச் சோதனை முறையில் நடத்திப் பார்த்து, அது விலங்குகளுக்கோ பணியாளர்களுக்கோ இடைஞ்சல் இல்லை என்று தாங்கள் கருதினால் தொடர்ந்து நடத்தவும், அந்த நடையில் கீப்பர் ஒருவர் கொஞ்ச நேரம் பிள்ளைகளோடு பேசவும் ஆவன செய்யும்படி மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நேரில் வந்து விளக்க வேண்டுமென்றால், எந்தச் சனிக்கிழமை கூப்பிட்டாலும் வருகிறேன்.

பிள்ளைகள் வரைந்த காட்டுமாட்டுப் படங்கள் எட்டினை இத்துடன் இணைத்திருக்கிறேன். எட்டிலும் கால் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அறிவியல் ஆசிரியை

இடம்: செங்கல்பட்டு மாவட்டம்
இணைப்பு: மாணவர்கள் வரைந்த படங்கள் – 8