ப்ராடக்ட் டிசைன் படித்த தம்பிக்கு, லண்டனிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நலம். ப்ராடக்ட் டிசைன் முடித்துவிட்டு சர்வீஸ் டிசைன் பக்கம், அதாவது பொருளுக்குப் பதிலாகச் சேவையை வடிவமைக்கும் வேலைக்கு, வரலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாக வா. அதற்காக இன்னொரு பட்டத்துக்குக் கடன் வாங்கிவிடாதே. ராயல் காலேஜ் ஆஃப் ஆர்ட்டில் இதற்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறதுதான். ஆனால் வேலைக்கு எடுப்பவர்கள் துருவித் துருவிப் பார்ப்பது போர்ட்ஃபோலியோவை, நீ செய்த வேலைகளின் தொகுப்பை.

அட்டையில் மாதிரி செய்து பார்க்கும் பழக்கமும், எது எங்கே பழுதாகும் என்று தேடும் கண்ணும் உனக்கு அப்படியே கைகொடுக்கும். வரைபடத்தை ஆலைக்கு அனுப்பியதும் வேலை முடிந்தது என்ற நினைப்பைத்தான் விட வேண்டும். சேவையை அன்றன்றைக்குச் செய்வது கவுன்ட்டரில் இருப்பவர். பாதி வேலையை வாடிக்கையாளரே செய்கிறார்.

முதலில் சர்வீஸ் ப்ளூபிரின்ட், அதாவது ஒரு சேவை நடக்கும் விதத்தை வரிசை வரிசையாகக் காட்டும் படம், போடக் கற்றுக்கொள். லின் ஷோஸ்டாக் என்பவர் 1984-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவியூவில் எழுதிக் காட்டிய முறை. மேல் வரிசையில் வாடிக்கையாளர் செய்வது. அடுத்து ஊழியர் அவர் கண்ணெதிரே செய்வது. பிறகு ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே திரைமறைவு வேலைகள், அதற்கும் கீழே கணினியும் விதிகளும் ஒப்பந்தங்களும். மேலாளர்களை மட்டும் உட்கார வைத்து இதை வரைந்தால் நடக்க வேண்டியது வரும், நடப்பது வராது. எவ்வளவு நேரம் ஆகிறது, எங்கே தேங்குகிறது, தேங்கினால் யார் தலையில் விழுகிறது என்பதெல்லாம் இல்லையென்றால் அது சுவருக்கு அலங்காரம்தான்.

முகவரி மாற்றும் படிவம் ஒன்றை எடுத்துக்கொள். அது ஒரு குறிப்பு எண் கேட்கிறது. எண் இருப்பது கடிதத்தில். கடிதம் போனதோ பழைய முகவரிக்கு. ஃபோன் செய்தால், சொல்லும் முகவரி பதிவோடு பொருந்தவில்லை என்று ஊழியர் கைவிரிக்கிறார். படிவத்தின் பட்டனை எவ்வளவு அழகாக்கினாலும் இது தீராது. வேறு எதை வைத்து ஆளை உறுதிசெய்யலாம் என்று சட்டப் பிரிவு, கணினிப் பிரிவு, கால் சென்டர் மூன்றையும் கூட்டிவைத்துப் பேச வேண்டும். பிறகு புதிய கடிதத்தை அச்சடித்து, ஃபோனில் பேச வேண்டியதை எழுதி, ஐந்தாறு பேரிடம் நடத்திப் பார்த்துத் திருத்த வேண்டும். இந்த வேலையில் வரைவதைவிடப் பேசுவதுதான் அதிகம். சிலருக்கு அது ஒத்துவராது.

பிரிட்டிஷ் அரசு 2011-ல் அரசின் இணையச் சேவைகளைக் கவனிக்கும் கவர்மென்ட் டிஜிட்டல் சர்வீஸைத் தொடங்கியதிலிருந்து அரசுத் துறைகளில் இந்தப் பணிக்கு நல்ல இடம் உண்டு. அரசுச் சேவைகள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் இப்போதைய சர்வீஸ் ஸ்டாண்டர்டில் 14 அம்சங்கள். ஆல்ஃபா (மாதிரி செய்து பார்ப்பது), பீட்டா (உண்மையான பயனர்களிடம் விட்டுப் பார்ப்பது) கட்டங்களில் நடக்கும் மதிப்பீட்டு அறிக்கைகளை இணையத்தில் வெளியிடுகிறார்கள். தேறாத சேவைகளின் அறிக்கைகளை முதலில் படி. எந்தப் பாடநூலும் அவ்வளவு சொல்லித் தராது.

இந்தியா காமன்வெல்த் நாடு என்பதால் பெரும்பாலான அரசுப் பணிகளுக்கு நாம் விண்ணப்பிக்கலாம். ஆனால் இங்கே வேலை செய்ய அனுமதிக்கும் விசா தனியாக வேண்டும். ஸ்பான்சர் செய்வார்களா என்று ஒவ்வொரு அறிவிப்பிலும் பார். விண்ணப்பத்தில் ஒரு கேள்விக்குப் பெரும்பாலும் 250 சொற்கள்தான். அதில் குழு செய்ததை விட்டுவிட்டு நீ செய்ததை எழுது.

போர்ட்ஃபோலியோவுக்கு ஏற்கெனவே நீ வடிவமைத்த பொருளே போதும். தண்ணீர் சுத்திகரிப்பான் என்றால், ஃபில்டர் மாற்றும் நாளை யார் நினைவூட்டுவது, மெக்கானிக் வராவிட்டால் என்ன, பழைய ஃபில்டர் எங்கே போகிறது என்று ப்ளூபிரின்ட் போடு. ஃபில்டர் மாற்றப் போகும் மெக்கானிக் கூடவே ஒருநாள் முழுக்கச் சுற்றிவிட்டு அந்தப் படத்தை வரை. மெருகேற்றாமல், கிறுக்கலாகவே எனக்கு அனுப்பு.

அம்மா அப்பாவுக்கு என் அன்பைச் சொல்.

அன்புடன்,
அக்கா