வாஷரியும் தண்டவாளமும்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. உருக்காலைக்கு வேண்டிய கோக் செய்ய உதவும் கோக்கிங் நிலக்கரித் திட்டத்தின் ஆய்வுக் குழுவில் நீ சேர்ந்ததில் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மொத்த இருப்பு இத்தனை கோடி டன் என்று எழுதியிருந்தாய். அந்த எண்ணை இப்போதைக்கு ஒதுக்கி வை. உருக்காலைக்காரன் காசு கொடுப்பது கழுவிக் கப்பலேற்றிய டன்னுக்குத்தான்.

மொசாம்பிக்கின் டேட்டே மாகாணத்தில் நடந்தது உனக்குத் தெரியும். பெங்கா சுரங்கத்துக்காக ரிவர்ஸ்டேல் நிறுவனத்தை ரியோ டின்டோ 2011இல் சுமார் 370 கோடி டாலருக்கு வாங்கியது. ஸாம்பேசி ஆற்றில் படகு வழியாக நிலக்கரியைக் கடலுக்குக் கொண்டுபோவதாக ஏற்பாடு. அரசு அனுமதிக்கவில்லை. எடுக்கக்கூடிய கோக்கிங் நிலக்கரியும் எதிர்பார்த்ததைவிடக் குறைவு என்று தெரியவந்தது. 2013 ஜனவரியில் ஏறக்குறைய 300 கோடி டாலர் மதிப்பைக் கணக்கிலிருந்து நீக்கினார்கள். தலைமை அதிகாரி டாம் அல்பனீஸ் பதவி விலகினார். 2014இல் நம் பொதுத்துறைக் கூட்டு நிறுவனமான ஐசிவிஎல் அதை 5 கோடி டாலருக்கு வாங்கியது. நிலக்கரி அதே இடத்தில் அப்படியேதான் கிடந்தது.

ஆகவே முதல் செலவை, நிலத்தைத் துளைத்து உருளையாக எடுக்கும் கோர் மாதிரிகளில் செய்யச் சொல். 61 மி.மீ. கோர், நிலக்கரி அடுக்கின் கனத்தையும் சாம்பலையும் காட்டும்; நிலக்கரியைக் கழுவிக் கழிவைப் பிரிக்கும் ஆலையான வாஷரியை வடிவமைக்கப் போதாது. அதற்கு 150 அல்லது 200 மி.மீ. விட்டத்தில் சில துளைகளாவது வேண்டும். அந்த மாதிரியை உயரத்திலிருந்து விழவைத்து, தண்ணீரோடு உருட்டி, சுரங்கத்தில் நொறுங்குவதுபோல் நொறுக்கிய பிறகே, வெவ்வேறு அடர்த்தியுள்ள திரவங்களில் மிதக்கவிட்டுப் பிரிக்கும் மிதவைச் சோதனைக்கு அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தூள் எவ்வளவு வரும் என்பது தெரியாமலே ஆலை கட்டுவார்கள். பிறகு, தூளை நுரையில் ஏற்றிப் பிரிக்கும் ஃப்ளோட்டேஷன் பகுதி திணறி, நல்ல நிலக்கரி கழிவுக்குட்டையில் போய்ச் சேரும்.

மாதிரியைக் காற்றுப் புகாமல் கட்டி, குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். ஆக்சிஜன் பட்டால் முதலில் அடிவாங்குவது கீஸ்லர் இளகுதன்மை, அதாவது சூடாக்கும்போது நிலக்கரி இளகும் அளவு. சாம்பல் எண் மாறாது என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது. மிதவைச் சோதனைக்கான பெர்குளோரோஎத்திலீன் திரவமும் இளகுதன்மையைக் கெடுக்கும். கோக் சோதனைக்கான மாதிரியை, தண்ணீரை மேலும் கீழும் அசைத்து அடர்த்தி வாரியாகப் பிரிக்கும் ஜிக்கில் பிரிப்பது நல்லது. நிலப்பரப்பை ஒட்டிய, காற்றும் மழையும் தின்ற நிலக்கரியை கோக்கிங் கணக்கில் சேர்க்கவே கூடாது.

யீல்டு, அதாவது வெட்டிய நிலக்கரியில் கழுவிய பின் சரக்காக மிஞ்சும் பங்கு, அந்த விஷயத்தில் தயவு பார்க்காதே. 40 சதவீதம் என்றால் ஒரு டன் சரக்குக்கு 2.5 டன் வெட்ட வேண்டும்; 25 சதவீதம் என்றால் 4 டன். மேல்மண் அகற்றுவது, டம்பர், டீசல், கழிவுக் கிடங்கு எல்லாம் அதே விகிதத்தில் ஏறும். இரண்டாம் தரமாக வரும் மின்நிலைய நிலக்கரியை விற்று ஈடுகட்டலாம் என்பார்கள். நீண்ட ரயில் வாடகையை அந்தச் சரக்கு தாங்காது. டேட்டேயின் மொவாட்டீஸிலிருந்து பெய்ரா துறைமுகத்துக்கு சேனா ரயில் பாதை 575 கி.மீ. அது போதாமல், மலாவி வழியாக நகாலா துறைமுகத்துக்கு ஏறத்தாழ 900 கி.மீ. பாதையை, ஒரு பகுதி புதிதாகவும் மீதியைப் புதுப்பித்தும், பிரேசில் சுரங்க நிறுவனமான வாலே அமைக்க வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்கும் பாதைக்கும் சேர்த்தே முதலீட்டு முடிவு எடுக்கச் சொல்.

குடிபெயர்ப்பை நில அளவைக்காரர்களிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். வாலேயின் சுரங்கத்துக்காகக் கடேமேயில் குடியமர்த்தப்பட்டவர்கள் 2012 ஜனவரியில் ரயில் பாதையை மறித்தார்கள். தண்ணீரும் விளையும் நிலமும் சரியாகக் கிடைக்காத மக்களின் நியாயமான கோபம் அது. புது ஊரில் கிணறும் வயலும் ஒரு சாகுபடியாவது பார்த்த பிறகே பழைய ஊரில் கை வைக்க வேண்டும்.

மிதவைச் சோதனை அட்டவணை வந்ததும் எனக்கு அனுப்பு. நிலக்கரியையும் கழிவையும் பிரிக்கும் வெட்டு அடர்த்திக்கு 0.1 மேலும் கீழும் எவ்வளவு எடை விழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 10 சதவீதத்துக்குள் என்றால் ஜிக்கைப் பற்றி யோசிக்கலாம். 20ஐத் தாண்டினால், மேக்னடைட் தூள் கலந்த கனமான நீரில் சுழற்றிப் பிரிக்கும் ஹெவி மீடியம் சைக்ளோன் தவிர வேறு வழியில்லை; அதிலும் அடர்த்தி கொஞ்சம் பிசகினாலே சாம்பல் ஒப்பந்த வரம்பைத் தாண்டிவிடும்.

அன்புடன்,
உன் நண்பன்