வருடத்தில் ஒரு நாள் தூண்டிலோடு வாருங்கள்

கன்னியாகுமரி மாவட்டக் கல்வி அலுவலர்களுக்கும் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

"ஒழுங்காகப் படிக்காவிட்டால் கடலுக்குத்தான் போகவேண்டும்." ஏழாம் வகுப்பில் கணக்கைத் தப்பாகப் போட்டதற்கு எனக்குக் கிடைத்த வசவு இது. அன்று விடியற்காலையில்தான் என் அப்பா, தேவாலயக் கோபுரத்தை அதன் பின்னாலிருக்கும் மலைமுகட்டோடு ஒரு கோட்டிலும், கலங்கரை விளக்கத்தை ஒரு தென்னந்தோப்போடு இன்னொரு கோட்டிலும் நிறுத்தி, இரண்டும் வெட்டும் இடத்தில் இருபது பாக ஆழத்தில் (விரித்த கைகளின் அகலம் ஒரு பாகம்) பார் என்னும் கடலடிப் பாறையைக் கண்டுபிடித்துக் கலவா மீன் கொண்டுவந்திருந்தார். அதுவும் கணக்குதான் என்று நான் ஆசிரியரான பிறகே உறைத்தது. அந்த வசவு இன்றும் நம் வகுப்பறைகளில் கேட்கிறது. ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை வருடத்தில் ஒரு நாளாவது மீன்பிடிக்க அழைத்துப் போங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

கடந்த தை மாதம் அக்காவின் பிள்ளைகளையும் அவர்களுடைய தோழர்களையும், மொத்தம் ஆறு பேரை, சின்னமுட்டம் துறைமுகத்துக்குக் கூட்டிப் போனேன். அப்பாவும் வந்தார். தூண்டிலின் ஈயக்குண்டு கடலடித் தரையைத் தொட்டதும் தூண்டில் நரம்பு தளர்ந்தது. அப்பா இரு கைகளையும் விரித்து நரம்பை அளந்து, "இரண்டு பாகம்" என்றார். ஆறாம் வகுப்புப் பையன் அதே இடத்தில் அளந்தான். இரண்டரை வந்தது. "தாத்தாவுக்குத் தப்பு" என்றான். "உனக்குத்தான் தப்பு" என்றாள் அவன் தங்கை. சண்டை முற்றவே டேப்பை எடுத்தேன். அப்பாவின் விரித்த கைகள் 170 சென்டிமீட்டர், பையனுடையது 136. பெருக்கினார்கள். இரண்டு பக்கமும் 340. ஆளுக்கு ஆள் மாறாத ஓர் அலகு ஏன் வேண்டும் என்று நான் வாய் திறந்து விளக்கவே தேவைப்படவில்லை. அதையே கரும்பலகையில் மூன்று பாடவேளை நடத்தியும் பிடிபடாத பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

பிறகு ஒரு கெளுத்தி மாட்டியது. கடல் கெளுத்தியில் ஆண்தான் முட்டைகளை வாயில் வைத்து, பொரியும்வரை இரையெடுக்காமல் காக்கிறது என்று சொன்னதும் ஆறு தலைகளும் அதன் வாய்க்குள் எட்டிப் பார்த்தன. ஏலக்கூடத்தில் ஒரு கத்தாளை மீனை வாங்கித் தலையைப் பிளந்து காட்டினேன். உள்ளே இரண்டு வெள்ளைக் கற்கள். அவற்றை அறுத்துத் தேய்த்து உருப்பெருக்கியில் பார்த்தால், மரத்தில் தெரிவதுபோல் வளையங்கள் தெரியும். மீனின் வயதை ஆய்வாளர்கள் அப்படித்தான் கணிக்கிறார்கள். ஒரு சிறுமி அந்தக் கற்களைக் கைக்குட்டையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

தமிழாசிரியருக்கும் இங்கே வேலை உண்டு. நெய்தலின் சிறுபொழுது எற்பாடு என்று மனப்பாடம் செய்த பிள்ளை, வெயில் சாயும் நேரத்தில் மணலில் ஒருமுறை நிற்கட்டும். சமூக அறிவியலுக்கோ நம் மாவட்டம்போல் வாய்த்த இடம் குறைவு. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலம் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15-இலும் மேற்குக் கரையில் ஜூன் 1-இலும் தொடங்குகிறது. நம் ஒரே மாவட்டத்தில் இரண்டும் நடப்பிலிருக்கின்றன. ஏன் என்று பிள்ளைகளே கேட்பார்கள். அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிக் கட்டும் தூண்டில் வளைவு போட்ட ஊரில் ஒரு பக்கம் மணல் சேர, மறுபக்கத்தை அலை அரிப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அடுத்த ஊர்க்காரர் ஏன் கோபப்படுகிறார் என்பதும் அப்போது புரியும்.

2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நாம் மறக்கவில்லை. தூத்தூரிலிருந்து நீரோடி வரை ஆழ்கடலுக்குப் போன எத்தனையோ பேர் திரும்பவில்லை. காற்றின் வேகம் 40 நாட் என்றால் மணிக்கு ஏறத்தாழ 74 கிலோமீட்டர் என்றும், அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் எந்த இடத்தைக் குறிக்கின்றன என்றும் வானிலை அறிவிப்பைப் படித்துச் சொல்ல நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். கடலோரப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, குலசேகரத்துப் பிள்ளைகளுக்கும்தான்.

பெற்றோர் தயங்குவார்கள். "கடலிலிருந்து மீட்டுத்தானே பள்ளிக்கு அனுப்பினோம்" என்று என் அம்மாவே கேட்டார். அதற்கு அவர்கள் பட்ட பாட்டை நான் குறைத்துப் பேசமாட்டேன். நான் கேட்பது பிள்ளைகளைத் தொழிலுக்கு அனுப்புவதல்ல. படகில் ஏற்றவேண்டாம், அலைதடுப்புக் கற்களில் கால்வைக்க விடவேண்டாம். ஆனி, ஆடியில் போகவே வேண்டாம். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், ஆளுக்கொரு மிதவைச் சட்டை என்பதில் விட்டுக்கொடுக்காதீர்கள். கடலிலிருந்து தள்ளியிருக்கும் பள்ளிகளுக்கு ஊர்க்குளமும் விராலும் போதும்.

இன்னொன்று. அன்று பாடம் சொல்ல வரும் மீனவரை மேசையருகே நாற்காலி போட்டு உட்காரவையுங்கள். பாடவேளைக்கு உரிய மதிப்பூதியத்தை அவர் கையில் கொடுங்கள். வருகைப் பதிவேட்டில் அன்றைக்கு "சுற்றுலா" என்று எழுதாமல் "பாடம்" என்று எழுதுங்கள்.

வரும் தை மாதத்தில் ஒரு சனிக்கிழமையைக் குறித்துச் சொன்னால், தூண்டிலும் நரம்பும் நான் கொண்டுவருகிறேன். அப்பாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்படிக்கு,
முட்டம் பக்கத்துக் கடற்கரை ஊரைச் சேர்ந்த ஓர் ஆசிரியர்