எட்டு மணிப் பாஸ்தா

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை என்று திட்டப்போகிறாய். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. கூலி உயர்வுப் பேச்சு இழுத்துக்கொண்டே போவதால் தறிகள் சரியாக ஓடவில்லை, தறிக்குப் போகும் பாவு நூலுக்குக் கஞ்சி போடும் நம் சைசிங்கிலும் வேலை குறைவு. ஊர் சேதி இவ்வளவுதான். நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. எங்கள் வீட்டில் இப்போது புதன்கிழமை ராத்திரி பாஸ்தா. சமைப்பது நான்.

உன் தங்கச்சி, அதான் என் வீட்டுக்காரி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போகிறாள். வீடு வந்து சேர ஏழரை ஆகிவிடும். அதனால் சாயங்கால அடுப்பு என் கைக்கு வந்தது. அரிசியும்பருப்பும், பச்சைப்பயறு கடையல், ரசம் என்று சமையல் ஒழுங்காகத்தான் நடந்தது. சாப்பாடுதான் ஒழுங்கில்லை. அம்மா ஆறரைக்கே மோர் ஊற்றிக் கரைத்துக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார். கோவைக்குக் காலேஜ் போய்வரும் பெரியவள் “பசியில்லைங்ப்பா” என்பாள், பத்து மணிக்குப் பாத்திரத்தை உருட்டுவாள். சின்னவன் ஒரு கையில் தட்டு, ஒரு கையில் போன். இவள் கடைசியில் அடுப்படியிலேயே நின்றபடி சாப்பிடுவாள். சோறு வடித்து வைத்துவிட்டால் யார் எப்போது வந்தாலும் போட்டுத் தின்னலாம். அந்த வசதிதான் வினையாகிப் போனது.

பாஸ்தா கேட்டது பெரியவள். கோவையில் ஒரு தட்டுக்கு அவர்கள் வாங்கும் காசில் நம் வீட்டுக்கு இரண்டு நாள் காய் வாங்கலாம். வீட்டிலேயே செய்கிறேன், ஆனால் மைதா மாவில் செய்தது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பொட்டலத்தின் பின்னால் டூரம் கோதுமை ரவை என்று போட்டிருக்க வேண்டும். அது கெட்டியான கோதுமை, புரதம் கூடுதல், லேசான மஞ்சள் நிறம். வெந்தாலும் உள்ளே பல்லுக்குக் கொஞ்சம் பிடி கொடுக்கும். மைதா வகை கொஞ்சம் அசந்தால் குழைந்துவிடும்.

100 கிராமுக்கு 1 லிட்டர் தண்ணீர், லிட்டருக்கு 10 கிராம் உப்பு என்பது வழக்கமான கணக்கு. அரைக்கிலோ பொட்டலத்துக்கு 5 லிட்டர்! அத்திக்கடவுத் திட்டக் குழாய்த் தண்ணீருக்குக் குடத்தோடு காத்துக்கிடக்கும் ஊரில் அது நடக்கிற காரியமா? நான் 3 லிட்டர்தான் வைக்கிறேன், உப்பையும் அதற்குத் தக்கபடி குறைத்துக்கொள்கிறேன். போட்ட முதல் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது. தண்ணீர் குறைந்தால் மாவுச்சத்து அதில் கெட்டியாகத் தேங்கும், அதுதான் நமக்கு வேண்டியது.

இந்த இடத்தைப் பொறுமையாகப் படி. அந்த வெந்த தண்ணீரை எல்லோரும் கொட்டிவிடுகிறார்கள். சிலர் அதோடு விடாமல் பாஸ்தாவைப் பச்சைத் தண்ணீரில் அலசவும் செய்கிறார்கள். மேலே இருக்கும் மாவு எல்லாம் போய்விடும், அப்புறம் தக்காளி எங்கே ஒட்டும்? இத்தனை வருஷம் பாவுக்குக் கஞ்சி போட்டுப் பிழைத்தவன் நான். கஞ்சி நூலின் பிசிறை எல்லாம் பிடித்துக் கட்டி, தறியில் அறுந்துபோகாமல் காக்கிறது. பாஸ்தாத் தண்ணீரும் அப்படித்தான். தனித்தனியாக நிற்கும் எண்ணெயையும் தக்காளிச் சாற்றையும் ஒன்றாகப் பிடித்துப் பாஸ்தா மேல் பூசிவிடுகிறது. சட்டியில் அது நடப்பதைக் கண்ணால் பார்க்கலாம் மாப்ளே. தண்ணியாக ஓடிக்கொண்டிருந்தது, தீயைக் கூட்டிப் புரட்டப் புரட்டப் பளபளவென்று மாறும். முதல் தடவை பார்த்தபோது உன்னைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல் இருந்தது.

குழம்பு ரொம்பச் சுலபம். செக்குக் கடலை எண்ணெயில் பூண்டைச் சன்னமாக நறுக்கிச் சிறுதீயில் வாசம் வரும்வரை வதக்கு, சிவக்க விடாதே. இரண்டு வரமிளகாய், ஒரு கை சின்ன வெங்காயம். அப்புறம் பழுத்த நாட்டுத்தக்காளி முக்கால் கிலோவைக் கையாலேயே பிசைந்து போட்டு, எண்ணெய் பிரியும்வரை கால் மணி நேரம். பொட்டலத்தில் போட்டிருக்கும் நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னாலேயே பாஸ்தாவை எடுத்துக் குழம்பில் போட்டு, அந்தத் தண்ணீர் இரண்டு கரண்டி ஊற்றிப் புரட்ட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டு ஊத்துக்குளி வெண்ணெய் ஒரு உருண்டை. சீஸ் இல்லாதது பெரியவளுக்குக் குறைதான். அந்த வெண்ணெய்க்கு மேல் எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

முக்கியமான விஷயம், இது காத்திருக்காது. இறக்கி வைத்துக் கொஞ்ச நேரம் போனால் சாற்றை எல்லாம் குடித்து ஊதிவிடும். அதனால் ஏழரைக்கே எல்லோரிடமும் சொல்லிவிட்டேன், எட்டு மணிக்குத் தட்டில் விழும், அப்போது உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான். உட்கார்ந்தார்கள்! சின்னவன் போனை டீவி மேல் வைத்துவிட்டு வந்தான். அம்மாவைத் தூங்கவிடாமல் பிடித்து வைத்திருந்தோம். உன் தங்கச்சி அடுப்படிக்குள் போகப் பார்த்தாள், நான் விடவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து, சூடாக, எல்லோரோடும் சேர்ந்து ராத்திரிச் சாப்பாடு சாப்பிட்டு எவ்வளவு நாளாயிற்று என்று அவள் சொன்னதும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அத்தனை நாளும் அவள் நின்றுகொண்டே சாப்பிட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம்.

அம்மா ஒரு வாய் எடுத்துவிட்டு, “ஏஞ்சாமி, கடுகு தாளிக்கலையா?” என்றார். கொத்தமல்லித் தழையாவது தூவச் சொன்னார். பெரியவள் கூடாது என்று சண்டைக்கு வந்தாள். அம்மா தட்டுக்கு மட்டும் தூவினோம். முழுசும் சாப்பிட்டுவிட்டு, அச்சில் பிழியும் நம் ஊர் இடியாப்பத்தை நினைத்துக்கொண்டு, “சந்தகையும் இப்படித்தான் கண்ணு. ஆறிப்போச்சுன்னா அச்சுல எறங்காது. உங்கய்யன் புழியப் புழிய எல்லாரும் சுத்தி உக்காந்திருப்பீங்க” என்றார். அய்யன் போனதிலிருந்து அம்மா சந்தகைப் பேச்சையே எடுத்ததில்லை. நீ ஒரு தடவை போட்டி போட்டுப் பிழிந்து தோள்பட்டை பிடித்துக்கொண்டதையும் அவரே சொன்னார். சின்னவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

சரி, இப்போது உன் விஷயம். போன வாரம் பல்லடத்தில் உன் அக்காவைப் பார்த்தேன். சென்னையில் நீ ராத்திரியில் டீயும் பன்னும் தின்றுவிட்டுப் படுத்துவிடுகிறாயாம். ஒருத்தனுக்காக எதற்கு அடுப்புப் பற்றவைப்பது என்று சொன்னாயாம். எனக்கு அன்று வேலையே ஓடவில்லை. நீ யாருக்கு ஒருத்தன்? கலெக்டர் ஆபீஸ் வாசலில் என்னோடு பட்டினி கிடந்தவன், எனக்குத் தெரியாதா உன் பசி? உனக்கு 100 கிராம் பாஸ்தா போதும். நாலு தக்காளி, நாலு பல் பூண்டு. உன்னிடம் இருப்பது ஒற்றை அடுப்பு, அதனால் குழம்பை முதலில் செய்து மூடி வைத்துவிடு, அப்புறம் பாஸ்தாவை வேகவை. முக்கால் லிட்டர் தண்ணீர் தாராளம். வடிக்கும்முன் ஒரு டம்ளர் தண்ணீரை எடுத்து வைக்க மறக்காதே. எல்லாம் சேர்த்து அரைமணிக்கு மேல் ஆகாது. உட்கார்ந்து சாப்பிட வேண்டும், அதையும் சொல்லிவிட்டேன்.

இந்தப் புதன்கிழமையே செய்துவிட்டுப் போன் போடு. எட்டரைக்கு மேல் போடு, அதற்கு முன்னால் போட்டால் இங்கே யாரும் எடுக்க மாட்டோம்.

இப்படிக்கு,
உன் சைசிங்காரன்