பெயர்க்கல்லுக்கு முன் டீசலுக்குக் காசு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒவ்வொரு மாரி முடியும்போதும் திருகோணமலை மாவட்டத்து உள்ளூராட்சிச் சபைகளில் 'எங்களுக்கென்று ஓர் அவசரச் செயற்பாட்டு நிலையம் வேண்டும்' என்ற பேச்சு எழும். வேண்டியதுதான். ஆனால் பேச்சு இரண்டாம் நாளே சுவர் நிறையத் திரை, பெரிய ஜெனரேற்றர், பெயர்க்கல் என்று போய்விடுகிறது. கொடையாளிகள் மனமுவந்து தருவதும் இவற்றைத்தான். ஆனால் இவை இல்லாத குறையால் எந்த நிலையமும் செயலிழந்து படுத்ததில்லை.

முதலில் வேலையின் எல்லையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் வழியே வந்த ஏற்பாட்டில், மாவட்ட ஒருங்கிணைப்பு கச்சேரியோடு, அதாவது மாவட்டச் செயலகத்தோடு, சேர்ந்தது. சபையின் கையில் இருப்பவை வேறு: பெக்கோ (மண்வெட்டும் இயந்திரம்), உழவு இயந்திரம், தண்ணீர் பவுசர், வடிகால், உள்வீதி, குப்பை, மயானம். எந்த வாய்க்காலை எத்தனை மணிக்கு வெட்டிவிட்டார்கள், எந்தப் பவுசர் எந்த முகாமில் நிற்கிறது என்பது ஓரிடத்தில் தெரிந்திருந்து, அதைக் கச்சேரிக்கு உடனுக்குடன் சொல்ல முடிந்தால் போதும். கச்சேரிக்குக் குட்டிப் பிரதி தேவையில்லை.

அதற்குப் பன்னிரண்டு பேர் இருந்து வேலை செய்யும் ஓர் அறை வேண்டும். ஆளுக்கு 60 சதுர அடி என்றால் 720 சதுர அடி. செய்தி பரிமாறும் வானொலிக் கருவிகளுக்குச் சத்தம் புகாத தனி அறை. ஆண், பெண் இருபாலாருக்கும் மலசலகூடமும் படுக்க இடமும். தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும் தனியாக ஓர் அறை. இந்தக் கடைசி அறையில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். அது இல்லாவிட்டால் தலைவரைத் தேடி வருகிற அத்தனை பேரும் செயற்பாட்டு அறைக்குள்தான் நிற்பார்கள்.

இடம் என்று வரும்போது, எங்கள் நகரத்துக்கு இரண்டு பக்கமும் கடல். 2004 சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலை அழிந்ததை மறந்துவிட்டு இன்னும் கரையோரக் காணியைக் காட்டுகிறார்கள். 'மேல்மாடியில் வைத்தால் சரிதானே' என்பார்கள். மேல்மாடி காய்ந்திருக்கும், கீழே இருக்கும் மின்பலகையும் தண்ணீர் மோட்டாரும் ஜெனரேற்றரும் மூழ்கியிருக்கும். உவர்மலை போன்ற மேட்டிலோ கண்டி வீதியில் உள்ளே தள்ளியோ ஏற்கெனவே இருக்கும் கொங்கிறீற் தட்டுக் கட்டடம் ஒன்றைத் திருத்தி எடுப்பது புதிதாகக் கட்டுவதைவிட மலிவு. சீற் கூரைக் கட்டடம் வேண்டாம். புயலில் முதலில் போவது அதுதான்.

மூதூர், வெருகல் பக்கத்துக்கு நகரத்து நிலையம் உதவாது. மகாவலி பெருகினால் ஏ15 வீதி அறுந்துவிடும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மாவிலாற்று அணைக்கட்டு உடைத்தபோது இது மறுபடி தெரிந்தது. மூதூரில் ஒரு மேசை, ஒரு வானொலிச் செற், ஒரு சிறிய ஜெனரேற்றர் தனியாக இருக்கவே வேண்டும்.

ஜெனரேற்றரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காசு வீணாவது இங்கேதான். பன்னிரண்டு மடிக்கணினி 720 வாற்று, இரண்டு இன்வேட்டர் ஏ.சி. 2,200, விளக்கும் மின்விசிறியும் 600, றூட்டர், தொலைபேசி, வானொலிச் செற் 400, தண்ணீர் மோட்டார் 750, கேத்தலும் குளிர்சாதனப் பெட்டியும் 2,000. கூட்டினால் ஏழு கிலோவாற்றுக்குள் அடங்கும். மோட்டார் தொடங்கும்போது இழுக்கும் மேலதிகத்தையும் சேர்த்தாலும் 15 கே.வி.ஏ. (ஏறக்குறைய 12 கிலோவாற்று தரும்) இயந்திரம் போதும். நன்கொடையாகக் கிடைக்கிறதே என்று 60 கே.வி.ஏ. வாங்கிவைத்தால் அது கால்வாசிச் சுமைகூட இல்லாமல் ஓடும். அப்படி ஓடும் டீசல் இயந்திரத்தில் எரியாத எண்ணெய் புகைப்போக்கியில் கரியாகப் படிந்து, தேவையான அன்று இழுவை இராது. மாதமொருமுறை வெறுமனே முடுக்கிப் பார்த்து அணைப்பதும் இதே கேட்டைத்தான் செய்யும். அரை மணிநேரமாவது உண்மையான சுமையோடு ஓட வேண்டும்.

15 கே.வி.ஏ. இயந்திரம் அரைச் சுமையில் மணிக்கு ஏறக்குறைய இரண்டரை லீற்றர் குடிக்கும். மூன்று நாளுக்கு 180 லீற்றர். ஒரு பீப்பாய்க்குள் அடங்கும். அந்த டீசலை வருடக்கணக்கில் வைத்திருந்தால் அடியில் நீர் சேர்ந்து, பூஞ்சணம் பிடித்து, பில்டர் அடைபடும். ஆறு மாதத்துக்கொரு முறை சபை வாகனங்களுக்கு ஊற்றித் தீர்த்துப் புதிது நிரப்ப வேண்டும். காற்று உள்ளிழுக்கும் யன்னல் வடகிழக்கைப் பார்த்திருக்கக் கூடாது. மாரி மழையும் உப்புக்காற்றும் அடிக்கும் திசை அது. றூட்டருக்கும் வானொலிக்கும் மட்டும் 5 கிலோவாற்று மணி லிதியம் பற்றரி ஒன்று இருந்தால், ஜெனரேற்றர் பழுதானாலும் பத்து மணிநேரம் தாங்கும்.

தொடர்பில் ஒரு பொறி உண்டு. இரண்டு நிறுவனங்களிடம் இணைய இணைப்பு எடுத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருப்பார்கள். இரண்டின் கேபிளும் ஒரே வீதியோரமாக வந்தால், ஒரு மரம் விழுந்து இரண்டும் போகும். வாங்கும் முன் பாதையைக் கேளுங்கள். வி.எச்.எஃப். வானொலிச் செற்றுக்குத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதியும், வெருகல் வரை எட்ட, அலையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு றிப்பீற்றரும் வேண்டும். அன்ரெனா புயலில் விழும். மாற்று அன்ரெனா ஒன்றும் 20 மீற்றர் கேபிளும் களஞ்சியத்தில் இருக்கட்டும்.

ஆட்கள் பன்னிரண்டு மணிநேர முறையில் மூன்று குழு. சபை ஊழியர்களின் வீடுகளிலும் வெள்ளம் ஏறியிருக்கும் என்பதைக் கணக்கில் எடுத்தே பட்டியல் போட வேண்டும். எப்போது திறப்பது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்: சிவப்பு அறிவித்தலா, மன்னம்பிட்டியில் மகாவலியின் நீர்மட்டமா, குளத்து வான்கதவா. மாரிக்கு மட்டும் திறந்தால் போதும் என்பவர்களுக்கு: கந்தளாய்க் குளம் உடைத்தது 1986 ஏப்ரல் 20, மாரி முடிந்த பிறகு.

இனிக் காசு. கட்டடத்துக்கும் கருவிக்கும் மாகாண சபை, கொடையாளி, உள்ளூர்க் கடன் அபிவிருத்தி நிதியம் என்று கதவுகள் உண்டு. டீசல், பற்றரி, மேலதிக நேரக் கொடுப்பனவு ஆகியவற்றுக்குச் சோலைவரி போன்ற சபையின் சொந்த வருமானத்தைத் தவிர வேறு கதி இல்லையென்றே சொல்லலாம். கருவிகளின் பெறுமதியில் பத்து வீதத்தையாவது ஆண்டுதோறும் பராமரிப்புக்கென வைக்காத நிலையம் மூன்றாம் வருடம் களஞ்சிய அறையாகிவிடும்.

இதிலும் மோசமானது நாட்காட்டி. நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிகிறது; எங்கள் வெள்ளம் நவம்பரிலும் டிசம்பரிலும் வருகிறது. வள்ளமும் பெக்கோவும் வாடகைக்கு எடுக்க வேண்டிய கிழமையில் செலவுத்தலைப்பு காலியாக இருக்கும். ஆகவே அவசரத் தலைப்பில் பாதியைச் செப்டெம்பர் வரை தொடக்கூடாது என்று சபை தீர்மானம் எடுக்க வேண்டும். அதே செப்டெம்பரில் வள்ளம், பெக்கோ, சமைத்த உணவு ஆகியவற்றுக்கு விலை கோரி, வாடகை வீதத்தை எழுதிக் கையெழுத்து வாங்கி வைக்கலாம். செயற்பாட்டு அறையில் கணக்குப் பகுதி ஆள் ஒருவர் இருந்து, யார் எத்தனை மணிக்கு எதை அனுமதித்தார் என்று அன்றன்றே பதிந்தால், மார்ச்சில் வரும் கணக்காய்வு ஐயவினாவுக்கு விழி பிதுங்க வேண்டியதில்லை.

வரைவுப் பாதீடு பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படும்போது வாசகர்கள் போய்ப் பார்க்கலாம். நிலையத்துக்கென மூலதனச் செலவு மட்டும் எழுதி, மீண்டுவரும் செலவில் (டீசல், பராமரிப்பு போன்று ஆண்டுதோறும் வரும் செலவில்) ஒரு வரியும் இல்லையென்றால், அந்தத் திட்டத்தைத் திருப்பி அனுப்பும்படி உங்கள் வட்டார உறுப்பினரிடம் கேளுங்கள்.

ஓய்வுபெற்ற மின் பொறியியலாளர்,
உவர்மலை, திருகோணமலை.